பள்ளிக்குள் வந்த பட்டறை

கொல்லு வேலையும் தச்சு வேலையும் பன்னூறு ஆண்டுகளாக ஒரே வழியில்தான் கற்றுக்கொள்ளப்பட்டு வந்தன. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆசானின் பட்டறையில் சேர்வான். முதலில் துருத்தி ஊதுவான், கரி அள்ளுவான், பட்டறையைக் கூட்டுவான். பார்த்துப் பார்த்து, திட்டும் குட்டும் வாங்கி, பல ஆண்டுகளில் அவனும் ஒரு தொழிலாளி ஆவான். ஆசான் எதையும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. அவருக்கு அன்றைய வேலை முடிய வேண்டும். பட்டறைக்கு எந்த வேலை வந்ததோ அதைச் சிறுவன் கற்பான். வராத வேலையை அவன் கற்க வழியில்லை.

நீராவி இயந்திரமும் தொழிற்சாலையும் தோன்றியபின் இம்முறை ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறியது. ஃபிட்டர்களும் டர்னர்களும் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். ஓர் ஆசானுக்கு இரண்டு மூன்று சீடர்கள் என்னும் கணக்கு போதவில்லை. தொழிற்சாலைக்குள் நுழைந்த சிறுவனோ ஒரே இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்டான். ஆண்டுகள் பல கழிந்தாலும் அந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதையும் அவன் அறியவில்லை.

கணக்கையும் இலக்கணத்தையும் ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க முடிகிறது. அரம் பிடிப்பதையும் உளி பிடிப்பதையும் அவ்வாறே கற்பித்தால் என்ன? இக்கேள்விக்கு மாஸ்கோ நகரில் கிடைத்த விடை, கடல் கடந்து அமெரிக்கா சென்று, அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்குள் பட்டறையைக் கொண்டு சேர்த்தது. அந்த வரலாற்றை இங்கு காண்போம். அதனூடே மற்றொரு கேள்வியும் விடாமல் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். பட்டறைக்குள் நுழையும் மாணவனுக்கு, அதற்கு மேலே செல்லும் வழி திறந்திருக்கிறதா என்பதே அது.

மாஸ்கோ முறை

மாஸ்கோவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. அங்கு வளர்ந்த சிறுவர்களுக்காக 1830-ஆம் ஆண்டில் ஒரு கைத்தொழிற் பள்ளி தொடங்கப்பட்டது. அது படிப்படியாக வளர்ந்து, 1868-இல் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளி என்னும் பெயரைப் பெற்றது. இன்று அது பாமன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1868-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பள்ளியின் தலைவராக இருந்தவர் விக்டர் டெல்லா-வோஸ்.

டெல்லா-வோஸ் செய்த முதல் மாற்றம், பயிற்சிப் பட்டறையையும் உற்பத்திப் பட்டறையையும் தனித்தனியே பிரித்ததாகும். உற்பத்திப் பட்டறையில் பொருளுக்கே முதலிடம். பயிற்சிப் பட்டறையில் மாணவனுக்கே முதலிடம். முதலில் பயிற்சிப் பட்டறையில் தேர்ச்சி பெற்ற பிறகே மாணவன் உற்பத்திப் பட்டறைக்குச் செல்வான்.

அடுத்து அவர் தொழில்களை ஆராய்ந்தார். நாற்காலி செய்வதும் கதவு செய்வதும் வேறுவேறு வேலைகளாகத் தோன்றுகின்றன. ஆனால் இரண்டிலும் அறுத்தல், இழைத்தல், துளையிடல், இணைத்தல் ஆகிய சில அடிப்படைச் செயல்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. இரும்பு வேலையிலும் இப்படியே. எழுத்துகளைக் கற்றவன் எந்தச் சொல்லையும் எழுதிவிட முடிவது போல, இந்த அடிப்படைச் செயல்களைக் கற்றவன் எந்தப் பொருளையும் செய்யத் தொடங்கலாம் அல்லவா? ஆகவே நாற்காலியையும் கதவையும் விட்டுவிட்டு, அடிப்படைச் செயல்களையே பாடங்களாக அமைத்தார். எளியது முதலில், கடினமானது பின்னர் என்று அவை வரிசைப்படுத்தப்பட்டன.

தச்சு, கடைசல், கொல்லு, ஃபிட்டர் வேலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டறை இருந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் தனி மேசையும் தனிக் கருவிகளும் தரப்பட்டன. மாணவன் முதலில் பொருளின் வரைபடத்தை அளவோடு வரைய வேண்டும். பிறகே கருவியைக் கையில் எடுக்கலாம். ஒரு பயிற்சியைச் சரியாக முடித்தால்தான் அடுத்தது கிடைக்கும். அரம், துளையிடும் அலகு போன்ற கருவிகளின் பெரிதாக்கப்பட்ட மாதிரிகளும் வைக்கப்பட்டிருந்தன. வெட்டும் முனையின் சாய்வுக் கோணத்தை மாணவர்கள் அவற்றில் தெளிவாகக் காண முடிந்தது.

அரத்தில் உள்ள அறிவியல்

இத்தகைய பயிற்சியில் கைக்கு மட்டுமா வேலை? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றின் முகத்தை அரத்தால் ராவிச் சமதளமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கற்பவர் யாராயினும் முதலில் அந்த முகத்தை நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் ராவிவிடுவார். ஏன்?

அரத்தின் பிடியில் ஒரு கையும் நுனியில் மற்றொரு கையும் அழுத்துகின்றன. இடையில் உள்ள இரும்புத் துண்டு தாங்குபுள்ளியாக அமைகிறது. அரம் முன்னே நகர நகர, தாங்குபுள்ளிக்கும் கைகளுக்கும் உள்ள தொலைவு மாறிக்கொண்டே இருக்கிறது. ராவத் தொடங்கும்போது நுனி அருகிலும் பிடி தொலைவிலும் உள்ளன. முடிக்கும்போது பிடி அருகிலும் நுனி தொலைவிலும் வந்துவிடுகின்றன. இரு கைகளும் கடைசிவரை ஒரே அளவில் அழுத்தினால், அரம் ஏற்றப்பலகை போல ஆடும், ஓரங்கள் தேயும். எனவே தொடக்கத்தில் நுனிக்கையும், நடுவில் இரண்டும் சமமாகவும், இறுதியில் பிடிக்கையும் அழுத்த வேண்டும். இது நெம்புகோல் தத்துவமே அன்றி வேறில்லை.

முகம் சமமாகிவிட்டதா என்று எப்படி அறிவது? செம்மையான சமதளத் தகட்டின்மீது நீல மையை மெல்லப் பூசி, துண்டை அதன்மேல் வைத்துத் தேய்ப்பார்கள். மேடான இடங்களில் மட்டும் மை ஒட்டும். அந்த இடங்களை மட்டும் மீண்டும் ராவ வேண்டும். தவற்றை ஆசிரியர் சொல்லக்கூட வேண்டியதில்லை, மையே சொல்லிவிடும். செய்து பார், அளந்து பார், திருத்து என்னும் இந்த ஒழுங்கு, ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் ஒழுங்கே என்பது கவனிக்கத்தக்கது.

பிலடெல்பியாவில் ஒரு சந்திப்பு

அமெரிக்கா விடுதலை பெற்ற நூற்றாண்டு விழாவையொட்டி 1876-இல் பிலடெல்பியா நகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடந்தது. மே 10 முதல் நவம்பர் 10 வரை ஏறத்தாழ ஒரு கோடி நுழைவுகள் பதிவாயின. இயந்திர மண்டபத்தின் நடுவே நின்று எல்லா இயந்திரங்களையும் ஓட்டிய 1,400 குதிரைத்திறன் கொண்ட கார்லிஸ் நீராவி இயந்திரத்தை மக்கள் வியந்து பார்த்தார்கள். கிரகாம் பெல்லின் தொலைபேசியும் அங்குதான் காட்டப்பட்டது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவரான ஜான் ரங்கிலின் கண்ணில் பட்டதோ வேறொன்று. ருஷ்யப் பகுதியில் மாஸ்கோ மாணவர்கள் செய்த இரும்புத் துண்டுகளும் மர இணைப்புகளும் பயிற்சி வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தாம் பல ஆண்டுகளாகத் தேடிய விடை இதுவே என்று அவர் கண்டுகொண்டார். அவ்வாண்டிலேயே அவருடைய நிறுவனம், உயர்நிலைப் பள்ளி வயது மாணவர்களுக்காகப் பட்டறைக் கலைப் பள்ளி ஒன்றை ஏற்படுத்த முடிவு செய்தது. பயிற்சி மாதிரிகளின் ஒரு தொகுதியை ருஷ்யப் பேரரசு அந்நிறுவனத்துக்கு அன்பளிப்பாக வழங்கியது.

அதே காலத்தில் ஸெயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கால்வின் உட்வர்ட் என்னும் கணிதப் பேராசிரியர் இருந்தார். இயந்திரவியல் தத்துவங்களை விளக்கும் சிறு மர மாதிரிகளைச் செய்துவரும்படி அவர் தம் மாணவர்களிடம் கூறினார். தேற்றங்களைத் தடையின்றி நிறுவிய அந்த இளைஞர்களுக்கு ரம்பத்தை நேராக இழுக்கத் தெரியவில்லை! இந்த அனுபவமே உட்வர்டைச் சிந்திக்க வைத்தது. அவருடைய முயற்சியால் 1879-இல் கைப்பயிற்சிப் பள்ளி ஒன்று அமைக்கப்பட்டு, 1880 செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின.

பதினான்கு வயது நிரம்பிய சிறுவர்கள் அங்கு சேர்ந்தார்கள். படிப்பு மூன்று ஆண்டுகள். நாள்தோறும் கணிதம், அறிவியல், மொழி, வரைபடம் ஆகியவற்றோடு இரண்டு மணி நேரம் பட்டறை. முதலாண்டில் மரவேலை, இரண்டாம் ஆண்டில் உலை வேலை, மூன்றாம் ஆண்டில் இயந்திரப் பட்டறை என்ற வரிசை இருந்தது. படிப்பை முடிக்கும் மாணவன் வரைபடம் முதல் இறுதி வடிவம் வரை தானே செய்த ஒரு பொருளைக் காட்ட வேண்டும்.

மாணவர்கள் செய்த பொருள்களை விற்பதை உட்வர்ட் விரும்பவில்லை. விற்கத் தொடங்கினால் நன்றாகச் செய்யத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். கற்பது நின்றுவிடும் என்பது அவர் கருத்து. தம் பள்ளி எந்த ஒரு தொழிலுக்கும் ஆள் சேர்ப்பதன்று, எல்லா மாணவர்க்கும் உரிய கல்வியின் ஒரு பகுதி என்றே அவர் வற்புறுத்தினார். 1884-இல் சிகாகோவிலும் பால்டிமோரிலும் இத்தகைய பள்ளிகள் திறக்கப்பட்டன. பால்டிமோர் பள்ளி பொதுமக்கள் வரிப்பணத்தில் நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஸெயின்ட் லூயி நகரிலேயே பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்து, பின்னர் நாட்டின் கல்வி ஆணையராக உயர்ந்த வில்லியம் ஹாரிஸ் இதை ஏற்கவில்லை. கணக்கும் இலக்கணமும் எல்லா அறிவுக்கும் திறவுகோல். ரம்பமும் இழைப்புளியும் அப்படியல்ல என்று அவர் வாதிட்டார்.

வேலையா, கல்வியா?

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது வேறொரு பக்கத்திலிருந்து குறை எழுந்தது. "உங்கள் மாணவன் அழகான இணைப்புகளைச் செய்கிறான். ஆனால் எங்கள் தொழிற்சாலைக்கு அவன் உடனே பயன்படவில்லையே" என்பதே தொழிலதிபர்களின் மனக்குறை. மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் டக்ளஸ் 1905-இல் ஒரு குழுவை நியமித்தார். 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் சுமார் 25,000 பேர் பள்ளியில் இல்லை என்று அக்குழு கண்டது. தொழில் எதையும் கற்றுத் தராத எடுபிடி வேலைகளில்தான் அவர்களிற் பலர் காலத்தைக் கழித்தார்கள். பள்ளிப் பட்டறை வாழ்க்கையோடு ஒட்டாமல் இருக்கிறது என்றும் குழு குறை கூறியது.

இதற்குப் பல மாற்று வழிகள் முளைத்தன. 1902-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட மன்ஹாட்டன் பெண்கள் தொழிற்பள்ளி, ஏழைச் சிறுமியருக்குத் தையல் இயந்திர வேலை முதலியவற்றைக் கற்பித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ச்பர்க் நகரில் 1908-இல் ஒரு புதிய ஏற்பாடு செய்யப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவர் ஒரு ஜோடி. ஒரு வாரம் முதலாமவன் தொழிற்சாலையில், இரண்டாமவன் பள்ளியில். மறுவாரம் இடம் மாறுவார்கள். தொழிற்சாலையில் அவர்களுக்குக் கூலியும் உண்டு. குடும்பத்துக்கு நாலு காசு கொடுத்துக்கொண்டே படிப்பைத் தொடர ஏழை மாணவனுக்கு இது வழி செய்தது.

சிகாகோவில் பெரிய போராட்டமே நடந்தது. நகரின் முன்னாள் பள்ளி மேற்பார்வையாளர் எட்வின் கூலி, ஜெர்மனியின் தொழிற்பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். பொதுப் பள்ளி வாரியத்தோடு தொடர்பில்லாமல், தொழிற்பள்ளிகளுக்கெனத் தனி வாரியம் அமைக்க வேண்டும் என்று திட்டம் தந்தார். வணிகச் சங்கங்கள் ஆதரித்தன. தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. தத்துவ அறிஞர் ஜான் டியூயியும் எதிர்த்தார். டியூயி கைவேலைக்கு எதிரியல்லர். பள்ளியில் கைவேலை வேண்டும் என்று பலகாலம் எழுதியவர். ஆனால் தொழிலாளியின் பிள்ளைக்கு ஒரு பள்ளி, முதலாளியின் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று பிரிப்பது மக்களாட்சிக்கே ஊறு என்று அவர் கருதினார். கூலியின் திட்டம் சட்டமாகவில்லை.

1917-ஆம் ஆண்டுச் சட்டம்

1917 பிப்ரவரி 23 அன்று அதிபர் உட்ரோ வில்சன், ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். உழவு, தொழில், மனையியல் ஆகிய பயிற்சிகளுக்கு நடுவண் அரசு பொருளுதவி அளிக்கும். மாநிலங்களும் அதே அளவு தொகையைப் போட வேண்டும். மாணவனின் வயது 14-க்குக் குறையக் கூடாது. முழுநேரத் தொழிற்பள்ளியில் பாதி நேரமாவது பயன்தரும் உற்பத்தி வேலையில் கழிய வேண்டும்.

இச்சட்டத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர் சார்லஸ் பிராஸர். தொழிற்சாலையில் உள்ள அதே இயந்திரத்தில், அதே முறையில், அதே வேலையைச் செய்து பழகினால்தான் பயிற்சி பலிக்கும் என்பது அவர் கொள்கை. உட்வர்டின் பள்ளி கற்பித்தது எழுத்துகளை. பிராஸரின் பள்ளி கற்பித்தது ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தை என்று சொல்லலாம்.

இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. பெரும் எண்ணிக்கையில் ஏழை மாணவர்கள் கைத்தொழிலோடு வெளியே வந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இப்பள்ளிகளின் பட்டறைகள் இரவு பகலாக இயங்கி, லட்சக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் போர்த் தொழிற்சாலைகளுக்குப் பயிற்றுவித்தன.

யாரை அனுப்பினார்கள்?

ஆனால் பட்டறைக்கு யார் போவது என்பதை முடிவு செய்தவர் யார்? பல ஊர்களில் அது மாணவனின் விருப்பமாக இல்லை. ஏழையின் மகனையும், புதிதாகக் குடியேறியவரின் மகனையும், கறுப்பரின் மகனையும் தொழிற்பிரிவுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

கறுப்பர் கல்வியில் இவ்விவாதம் முன்பே சூடாக நடந்தது. அடிமைத்தளை நீங்கியபின் 1881-இல் தொடங்கிய டஸ்கீகி பள்ளியின் தலைவர் புக்கர் வாஷிங்டன், கையில் தொழில் இருந்தால் பொருள் வரும், பொருள் வந்தால் மதிப்பு வரும் என்றார். டியூ போய்ஸ் என்னும் அறிஞர் 1903-இல் இதை மறுத்தார். தொழிற்கல்வி வேண்டும், ஆனால் அதை மட்டுமே கொடுத்து, உயர்கல்வியையும் வாக்குரிமையையும் மறுத்தால், அந்த மக்கள் என்றும் கீழேயே இருக்க நேரும் என்பது அவர் வாதம். பட்டறை படியாகவும் அமையலாம், வேலியாகவும் அமையலாம் என்பதை இருவரின் வாழ்க்கையும் நமக்கு உணர்த்துகின்றன.

இயந்திரம் மாறியபோது

1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு புதிய இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. மாஸ்கோவின் மாதிரிகளை அன்பளிப்பாகப் பெற்ற அதே நிறுவனம்தான்! இம்முறை காட்டப்பட்டது எண்களின் கட்டளைப்படி தானே இயங்கி உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம். துளையிட்ட நாடாவில் பதிந்த எண்களே கருவியின் பாதையைத் தீர்மானித்தன. பின்னர் நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது.

எந்தக் கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் கற்றவனுக்கு இங்கு வேலை இல்லை. ஆனால் வரைபடத்தைப் படிக்கவும், நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கவும், ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு மூன்று எண்களால் குறிக்கவும், உலோகத்தின் குணத்தை உணரவும் தெரிந்தவன் புதிய இயந்திரத்துக்கும் தயாராக இருந்தான். பயிற்சி குறுகியதாக இருந்தால் இயந்திரத்தோடு சேர்ந்து அதுவும் பழசாகிவிடும் என்பது இங்கு தெளிவாகிறது.

1983-இல் வெளியான தேசியக் கல்வி ஆணைக்குழுவின் அறிக்கை, எல்லா மாணவரும் மூன்றாண்டுக் கணிதமும் மூன்றாண்டு அறிவியலும் படிக்க வேண்டும் என்றது. மாநிலங்கள் அதை ஏற்றன. பாடச்சுமை கூடியதால் பட்டறை வகுப்புகள் தேய்ந்தன. தொழிற்சாலை வேலைகளும் குறைந்தன. 1979-இல் சுமார் ஒரு கோடியே 95 லட்சமாக இருந்த அமெரிக்க உற்பத்தித் துறை வேலைகள், 2010-இல் ஒரு கோடியே 15 லட்சம் அளவுக்கு இறங்கின. பல பள்ளிகளில் கடைசல் இயந்திரங்கள் கழிவு இரும்பாக விலைபோயின.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. பொதுக் கல்வியையும் ஒரு தொழில்துறையையும் பிணைத்துக் கற்பிக்கும் சிறு பிரிவுகளைப் பள்ளிக்குள்ளேயே அமைக்கும் முறை 1969-இல் பிலடெல்பியாவில் தோன்றியிருந்தது. இதன் பலனை அறிய 1990-களில் ஒன்பது பள்ளிகளில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. விண்ணப்பித்த மாணவர்களில் யாருக்கு இடம் என்பது குலுக்கல் மூலம் முடிவு செய்யப்பட்டது. எனவே இடம் பெற்றவரையும் பெறாதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பள்ளியை முடித்த எட்டு ஆண்டுகளில், இடம் பெற்றவர்களின் வருமானம் சராசரியாக ஆண்டுக்கு 11 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மேற்படிப்பு முடித்தவர்களின் விகிதமோ இரு சாராரிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது, தொழிலைக் கற்றதால் அவர்களுக்கு மேற்படிப்பின் வழி அடைபடவில்லை. இதுதான் 2008-இல் வெளியான முடிவின் சிறப்பு.

நம் நாட்டில்

இந்த விவாதம் நமக்கும் புதிதன்று. 1952-இல் அமைக்கப்பட்ட உயர்நிலைக் கல்விக் குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் தலைமை வகித்தார். அமெரிக்கக் கல்வியாளர் ஒருவரும் அதில் உறுப்பினர். தொழில், வணிகம், உழவு உள்ளிட்ட ஏழு பிரிவுகளை ஒரே கூரையின்கீழ் வைக்கும் பல்நோக்குப் பள்ளிகளை அக்குழு பரிந்துரைத்தது.

அதே காலத்தில், 1953-இல், சென்னை மாநிலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பது என்பது அதன் சாரம். தந்தையின் தொழிலோடு பிள்ளையைக் கட்டிப்போடுவது இது என்று கண்டனம் எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது. சிகாகோவில் டியூயி எழுப்பிய கேள்வியே இங்கும் வேறு உருவில் எழுந்தது என்பதைக் காண்கிறோம்.

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவுகளும் உடன் வந்தன. இயந்திரப் பட்டறை வேலையும் அவற்றுள் ஒன்று. அப்பிரிவில் படித்தவர்கள் பொறியியல் கல்லூரிக்குச் செல்லத் தனி இடஒதுக்கீடும் ஏற்பட்டது. எண்ணிக்கையில் அது சிறிதே. எனினும் பட்டறையிலிருந்து மேலே ஏற ஓர் ஏணியை அது சார்த்தி வைத்தது.

வரலாறு கூறுவது

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறுகிறோம். முதலாவது, கைக்கும் மூளைக்கும் இடையே பகையில்லை. அரத்தின் அசைவில் நெம்புகோல் இருக்கிறது. அதைப் புரிந்து ராவுபவன் விரைவில் தேர்கிறான். ராவிப் பார்த்தவனோ நெம்புகோலை மறப்பதில்லை.

இரண்டாவது, ஒரு தொழிற்பயிற்சி நல்லதா என்பதை அதன் இயந்திரங்களின் விலையைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அங்கு சேர்பவர் விரும்பிச் சேர்கிறாரா? அங்கு கற்பது இன்றைய இயந்திரத்துக்கு மட்டுமா, நாளைய இயந்திரத்துக்கும் உதவுமா? முடித்தபின் வேலைக்கும் போகலாம், விரும்பினால் கல்லூரிக்கும் போகலாம் என்ற இரு கதவுகளும் திறந்திருக்கின்றனவா? பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே. மூன்றுக்கும் "ஆம்" என்று விடை சொல்லும் பட்டறை எந்த வகுப்பறைக்கும் தாழ்ந்ததன்று.